போல்ட் இல்லாத கட்டில்

"பிரிச்சிக்கலாம்மா" என்று கடைக்கார பாலாஜி மறுபடியும் சொன்னான். அம்சாவுக்குக் காதுமடல் சுட்டது.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் விற்கிறவன் கட்டிலின் பெருமையைத்தான் சொல்வான். அது மூன்றடுக்குக் கட்டில். கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று, பக்கத்தில் ஏணி. ஒவ்வொரு மூலையிலும் போல்ட் வைத்து முடுக்கியிருந்தார்கள். அதைக் கழற்றினால் மேலடுக்கு தனியாக வந்துவிடும். இன்னும் கொஞ்சம் கழற்றினால் மூன்றும் மூன்று வீட்டுக்குப் போகலாம்.

"நாளைக்கே ஒரு புள்ள ஹாஸ்டலுக்குப் போவுது, இல்ல ஊருக்குப் போவுதுன்னு வெச்சிக்கோங்க. எடத்த அடைச்சிக்கினு நிக்காது. அத மட்டும் பிரிச்சி..."

"யாரும் எங்கயும் போவல" என்றாள் அம்சா.

பாலாஜி அவள் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தோணி குனிந்து ஒரு போல்ட்டை விரலால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தோணி யாரோடும் சண்டைக்குப் போகாதவன். பக்கத்து வீட்டுக்காரன் இவன் வண்டியைத் தள்ளிவிட்டுத் தன் வண்டியை நிறுத்தினால்கூட, தன் வண்டிக்கு நிழல் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்கிற ஆள்.

"நல்லாத்தான் இருக்குது அம்சா. பிரிக்கிற மாதிரி இருந்தா நமக்கும் ஒரு இதுவா இருக்கும்."

"ஒரு இதுன்னா?"

"இல்ல, ஞாயித்துக்கிழம சகல வந்து இன்னா சொல்லுவாருன்னு தெரியாதில்ல."

சகலை என்று அவன் சொன்னது சந்தோஷ்குமாரை. அம்சாவின் தங்கை சுகாசினியின் புருஷன். சுகாசினி போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவள் பிள்ளைகள் கமலும் அபியும் அன்றிலிருந்து அம்சா வீட்டில் இருக்கிறார்கள். காரியம் முடிந்த அன்று சந்தோஷ்குமார் தலையைக் குனிந்தபடி, "கொஞ்ச நாளைக்கு உங்ககூட இருக்கட்டும்க்கா" என்றான். அந்தக் கொஞ்ச நாள் என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் கீழே போடவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாள், பிள்ளைகள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று. ரேஷன் கடையில் கேட்டார்கள். மாமியார் போனில் கேட்டாள். இப்போது முன்பின் தெரியாத கட்டில் கடைக்காரனும் கேட்காமல் கேட்கிறான்.

அதற்குள் பிள்ளைகள் கட்டிலில் ஏறியிருந்தார்கள். மேலே அம்சாவின் மகள் ஜோதிகா. ஆறாவது முடித்து ஏழாவது போகிறவள். ஏறியதும் முதல் வேலையாகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "இங்க சிக்னல் செம்மையா இருக்குதும்மா" என்றாள்.

"நம்ம வூட்லயா பாத்த? கடையில பாத்துக்கினு சொல்ற."

"நடுவுல கமல். மேல நானு, கீழ அபி. டேய், நீதான் சாண்ட்விச்சுல வெக்கற வெள்ளரிக்கா."

கமலுக்கு ஒன்பது வயது. நடு அடுக்கில் ஒருக்களித்துப் படுத்து, கையைக் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டான். கீழே அபி மல்லாந்து படுத்துத் தன் கையை மேலே தூக்கினாள். அவளுக்கு ஐந்து. இரண்டு கையும் ஒன்றையொன்று தேடின. நடுவில் இடைவெளி நின்றது. கமல் தோளைக் கம்பியில் அழுத்தி இன்னும் இறக்கிப் பார்த்தான்.

"எட்டல பெரிம்மா" என்றான் மெதுவாக.

அம்சா அந்தக் கடையில் அதற்கு மேல் நிற்கவில்லை.

கமல் ஏன் கையை இறக்குகிறான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா போனதிலிருந்து அவன் தங்கையைத் தொட்டுக்கொள்ளாமல் தூங்குவதில்லை. பாயில் படுத்தால் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்வான். அபி படுக்கையை நனைத்துவிடுவாள். அவன் எழுந்து பாயை மாற்றிவிட்டு மறுபடி அதே காலைப் பிடித்துக்கொண்டு படுப்பான். யாரையும் எழுப்ப மாட்டான். காலையில் ஈரப் பாய் சுவரோரம் சுருட்டி வைத்திருக்கும்.

பாயிலேயே கிடக்கலாம் என்றால், பிள்ளைகள் படுக்கிற அறையின் தரை சரியில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீடு நெசவுக்காரர் வீடு. வீட்டுக்காரர் குப்புசாமி இன்னும் நாலு தறி சேர்த்துப் பின் தெருவில் பெரிய கொட்டகை போட்டுக்கொண்டு போனபின், தறி இருந்த அறையில் கால் இறக்குகிற குழியை மண் கொட்டி மூடி, வீட்டை வாடகைக்கு விட்டார். தறிக்குழி இருந்த இடம் மட்டும் மழைக்கு ஊறும். அறை நடுவில் பாய் விரித்தால் கீழே சில்லென்று வரும். கட்டில் போடச் சுவரோரமாக ஒரே ஒரு கட்டிலுக்குத்தான் இடம். ஆனால் உயரம் இருந்தது. தறியின் தலைமேல், சேலையில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும் என்பதற்காகக் கூரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போக இடமில்லாத வீட்டில் மேலே போக இடம் இருந்தது.

இந்தக் கட்டில் யோசனையே சுகாசினியுடையது. அக்காளும் தங்கையும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. ஒரே வேனில் போய் வருவார்கள். அன்றைக்கு வேனில் சுகாசினி ஒரு வீடியோவைக் காட்டினாள். எந்த ஊரோ, மூன்று பிள்ளைகள் மூன்று மாடியில் படுத்துக் கும்மாளம் போடுகிறார்கள். "நாம ரெண்டு பேரும் ஒரே வூடா எடுத்துக்கினு இதப் போட்ரலாம்க்கா. ஒரே ரூமு, ஒரே ஃபேனு. கரண்டு மிச்சம்" என்று சிரித்தாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே லாரி வந்தது.

அம்சா பிழைத்தாள். "நல்ல வேள, நீயாவது இருக்கியே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எது நல்ல வேளை என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பாள். சுகாசினிமேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. யோசனையைச் சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போகிறவள்மேல் வருகிற கோபம்.

இரண்டு நாளைக்கு முன்னால் சந்தோஷ்குமார் தன் ஊர் தாமலிலிருந்து போன் செய்தான். கோபம் எல்லாம் திரண்டு ஓரிடத்தில் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

"ஞாயித்துக்கிழம வரேன்க்கா. கமல மட்டும் கூட்டினு போறேன். இங்கயே ஸ்கூல்ல சேத்துட்றேன். எங்கம்மா பையனக் கேக்குது."

"அபி?"

"அபி உங்ககூடவே இருக்கட்டும். பொம்பளப் புள்ள. உங்களுக்கும் ஜோதிகாவுக்கும் தொணையா ஆச்சி."

அம்சா போனை வைத்துவிட்டு, அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அரிந்து முடித்தாள். வேண்டியதைவிட இரண்டு பங்கு அரிந்திருந்தாள். அந்த வாரமே கட்டில் வாங்கிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அது அறைக்குள் நிற்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தாள். மூன்று பிள்ளைக்கு மூன்று இடம். அவன் வந்து பார்க்கட்டும். எதைப் பிடுங்கப் போகிறான் என்று பார்க்கட்டும்.

கடைக்கட்டில் ஆகாது என்றதும் அவர்கள் தேரடிக்குப் பின்னால் இருந்த முருகேசன் பட்டறைக்குப் போனார்கள். முருகேசன் இரும்பு கேட்டும் கிரில்லும் அடிக்கிறவன். வாய் ஓயாது. சாமி புறப்பாடு இருந்தால் வாகனம் திரும்புகிற மூலையில் நின்று இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்று தூக்குகிறவர்களுக்கே சொல்லிக்கொடுப்பான்.

"கட்டிலுக்குக் கட்டில் எவ்ளோ கேப்பு வெக்கணும்?" என்று கேட்டான்.

அம்சா பட்டறை பெஞ்சில் கமலைப் படுக்க வைத்தாள். கையைத் தொங்கவிடச் சொன்னாள். கீழே அபியை ஒரு சாக்கின்மேல் படுக்க வைத்தாள். கமலின் விரல்கள் அபியின் உள்ளங்கையில் வந்து விழுந்தன.

"இவ்ளோதான். இவன் கை அளவு."

முருகேசன் டேப்பைப் பாதி இழுத்தபடி நின்றான். "பூக்காரம்மா மொழம் போட்ற மாதிரி அளக்கறீங்களே. பையன் வளருவாம்மா. கை நீண்டுக்கினே போவும்."

"நீண்டா இன்னும் நல்லா எட்டும்."

"கீழ இருக்கிற பொண்ணும் வளரும். எழுந்து ஒக்காந்தா தல இடிக்கும்."

"அதுக்குள்ள கையப் புடிக்காம தூங்கப் பழகிக்கும். அளவ எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். பிறகு பழக்கதோஷத்தில், "போல்ட்டு வெச்சி தர்ரேன், வாடக வூடு பாருங்க, பிரிச்சி..." என்று ஆரம்பித்தான்.

"போல்ட்டு வேணாம்."

"அம்சா" என்றான் அந்தோணி.

"போல்ட்டு வேணாம்னு சொன்னேன். முழுசா அடிச்சிக் குடு. எவனும் ஸ்பானர எட்த்துக்கினு வந்து கழட்டக் கூடாது."

முருகேசன் வீட்டுக்கு வந்து கூரையை அளந்தான், சுவரை அளந்தான், வாசற்கால் அகலத்தையும் அளந்தான். அந்தோணி சீலிங் ஃபேனை இறக்கிவிட்டு, மேலடுக்கில் எழுந்து உட்காருகிறவள் தலையில் படாமல், எதிர்ச் சுவரில் ஒரு ஃபேனை மாட்டினான். தலையணையை யார் எந்தப் பக்கம் வைப்பது என்பது வரை ஜோதிகா முடிவு செய்துவிட்டாள். "எனக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சி, இப்போ எனக்குன்னு ஒரு மாடி" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் கமலுக்கு ஏணியில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று தரையிலேயே பழக்கிக்கொடுத்தது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் கட்டில் வந்தது. பச்சை பெயின்ட், நெட்டையாக, முறுக்கான கட்டில். நான்கு பேர் இறக்கினார்கள். படுக்கை வசமாகச் சாய்த்து வாசலில் நுழைத்தார்கள். வாசல் விட்டது. உள்ளே நடையில் பாதி போனதும் நின்றது. நடை முடிகிற இடத்தில் அறைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். கட்டில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், நடையின் கூரை இடித்தது. பின்னால் இழுத்து, தலைகீழாகப் புரட்டி, மறுபடி விட்டார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கூரையை அளந்தவன், சுவரை அளந்தவன், வாசலை அளந்தவன், திருப்பத்தை அளக்கவில்லை. அம்சாவுக்கும் தோன்றவில்லை.

"சாமி வாகனத்த எல்லாம் திருப்பறியே, இதத் திருப்பு" என்று எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள். தெருவே வந்து நின்றது. முருகேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலைத் திரும்ப வெளியே இழுத்து நடுத்தெருவில் நிறுத்தினான். பச்சைக் கட்டில் யாருக்கோ பந்தல் போட்டதுபோல வெயிலில் நின்றது.

குப்புசாமி சுவரைப் பார்க்க வந்தார். உதிர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "புத்தி வேணாமாம்மா? எங்க தறியே அந்த ரூமுக்குள்ள முழுசாப் போனதில்ல. கட்டை கட்டையா எட்த்தாந்து உள்ள வெச்சித்தான் பூட்டுனோம். எட்த்துக்கினு போம்போதும் அப்டித்தான் பிரிச்சோம்."

"அதத்தான் நான் மொதல்லயே சொன்னேன்" என்றான் முருகேசன் உடனே. "போல்ட்டு வெச்சிருந்தா இந்நேரம் உள்ள நிக்கும். இப்போ இன்னா பண்றது? அறுத்து, ஓட்ட போட்டு, போல்ட்டு வெச்சிட்றேன். ஒரு மணி நேர வேல."

அவனே மெஷினை எடுத்து நடுவடுக்குக் கம்பியை அறுக்க ஆரம்பித்தான். பொறி பறந்தது. அந்தச் சத்தத்தில் சந்தோஷ்குமாரின் பைக் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. மெஷின் ஓய்ந்தபோது அவன் பக்கத்தில் நின்றான். மெலிந்திருந்தான். கையில் ஒரு பை இருந்தது. காலிப் பை. சின்னப் பை.

அம்சாவின் கண் அந்தப் பைமேலேயே நின்றது.

"இன்னாக்கா இது, ரோட்ல கட்டிலு?"

"உன் புள்ளைங்க படுக்கறதுக்கு."

"கமலத்தான் கூட்டினு போறேனே. எதுக்கு மூணு?"

"வா சகல, உள்ள வா, தண்ணி குடி" என்றான் அந்தோணி.

"உள்ள வர வேணாம்" என்றாள் அம்சா. "இங்கயே பேசலாம். தெருவு கேக்கட்டும். கமல் எப்டித் தூங்குவான்னு தெரியுமா உனக்கு?"

சந்தோஷ்குமார் விழித்தான். "எப்டின்னா? எல்லாரும் தூங்கற மாதிரிதான்."

"தெரியாதில்ல. அப்போ எப்டிக் கூட்டினு போற?"

"நான் அவனப் பெத்தவன்க்கா. வூட்ல சோறு ஆக்கக்கூட ஆளு இருக்குது, பேச ஆளில்ல. பையனாவது இருந்தா..." அவன் சொன்னது பொய் இல்லை என்று அம்சாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

"பேச ஆளு வேணும்னா ரெண்டு பேரையும் கூட்டினு போ. நான் குறுக்க நிக்கல. நெஞ்ச புடிச்சிக்கினு அனுப்பி வெக்கறேன். ஒண்ண எட்த்துக்கினு ஒண்ண வுட்டுட்டுப் போவாத."

சொல்லிவிட்டாள். அவன் சரி என்று சொல்லிவிட்டால் மாலைக்குள் வீடு காலி. பெற்றவன் சொன்னால் அவள் யார் தடுக்க?

அவன் சரி என்று சொல்லவில்லை. செருப்பைப் பார்த்தான். "அபிய எங்கம்மாவால பாத்துக்க முடியாதுக்கா. ராத்திரில படுக்கைய நனைக்குதாமே. வயசான உசுரு, எத்தினி தடவ எழுந்துக்கும்?"

தெருவில் யாரோ ச்சு என்றார்கள்.

"அப்போ படுக்கைய நனைக்காத புள்ளையா பாத்துப் பொறுக்கி எட்த்துக்கினு போறியா?" அம்சா கத்தவில்லை. பல்லுக்கு நடுவே வந்தது அது. "கத்திரிக்காயா சந்தோஷு? ராத்திரி ராத்திரி எழுந்து அந்தப் பாய மாத்தறது யாரு தெரியுமா? நானில்ல. அந்தோணி இல்ல. நீ கூட்டினு போறேன்னு வந்து நிக்கிறியே, அவன். ஒன்பது வயசுல."

சந்தோஷ்குமார் நிமிர்ந்தான். கமலைத் தேடினான். கமல் அங்கே இல்லை. அப்பா கையிலிருந்த பையும் இல்லை. அது எப்போது பைக்மேல் வைக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் கமல் நடையிலிருந்து வந்தான். பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தான். வாய் பிளந்து கிடந்தது பை. மேலே அபியின் மஞ்சள் கவுன் பிதுங்கியது, அதன்மேல் அவள் படுக்கைக்கு விரிக்கிற ரப்பர் ஷீட் மடித்து வைத்திருந்தது. பின்னால் அபி, அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு பேர் துணியும் புடிக்கலப்பா" என்றான் அப்பாவிடம். "ஜிப்பு மூட மாட்டேங்குது. வேற பை இருக்குதா?"

சந்தோஷ்குமார் பையை வாங்கினான். அந்த ரப்பர் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தான். ஜிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான், உண்மையிலேயே மூடுமா என்று பார்க்கிறவன்போல. பிறகு பைக் ஸ்டாண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

முருகேசனுக்கு வேலை நின்றுபோன எரிச்சல். "ஏம்மா, யாராச்சும் சொல்லுங்க. அறுத்தாச்சி. உள்ள எட்த்துக்கினு போயி போல்ட்டா, வெல்டிங்கா? வெல்டு வெச்சா அப்புறம் வெளிய வராது, சொல்லிட்டேன்."

அம்சா வாயைத் திறக்குமுன் அந்தோணி சொன்னான். "வெல்டு வையிப்பா."

அம்சா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் ஒரு கம்பித் துண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடைக்குள் போனான்.

துண்டு துண்டாகக் கட்டில் உள்ளே போனது. பிள்ளைகளை எதிர்வீட்டில் விட்டார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து முருகேசன் வேலையைத் தொடங்கினான். நடு அடுக்கைத் தூக்கி அளவாகப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும் என்றான். ஒரு பக்கம் அந்தோணி பிடித்தான். மறுபக்கம் சந்தோஷ்குமார் வந்து தானாகப் பிடித்தான். யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவன் பிடித்திருந்த பக்கம் அம்சாவுக்குச் சந்தேகமாகவே இருந்தது. கமலின் கை அளவுக்கு அவள் ஒரு துடைப்பக்குச்சியை ஒடித்து வைத்திருந்தாள். அதைக் கீழடுக்கில் நிறுத்தி, "எறக்கு. இன்னும் எறக்கு" என்று அவனை அதட்டினாள். அவன் இறக்கினான். "நிறுத்து" என்றாள். நிறுத்தினான். முருகேசன் பற்ற வைத்தான்.

எல்லாருக்கும் டீ போட்டாள். அவனுக்கும் போட்டாள். டம்ளரைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

கம்பி ஆறியதும் பலகைகளைப் போட்டார்கள். ஜோதிகா மேலே ஏறி, "இங்க சிக்னலே இல்ல" என்று அறிவித்தாள். கமல் நடுவில் படுத்துக் கையை இறக்கினான். கீழேயிருந்து அபி பிடித்துக்கொண்டாள். பட்டப்பகல். இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. பிடித்தபடி சும்மா கிடந்தார்கள்.

சந்தோஷ்குமார் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பையிலிருந்த துணிகளை எடுத்து, பழகாத கையால் தாறுமாறாக மடித்து, கீழடுக்கின் கால்மாட்டில் வைத்தான். ரப்பர் ஷீட்டை எப்படி விரிப்பது என்று கமலைக் கேட்டான். கமல் படுத்தபடியே சொன்னான்.

கிளம்பும்போது அம்சா வாசலுக்கு வந்தாள். அவன் காலிப் பையை ஹேண்டிலில் மாட்டினான்.

"அடுத்த ஞாயித்துக்கிழம வரேன்க்கா. அம்மாவையும் கூட்டியாந்து..." அதை முடிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "வூடு மாத்தறதா இருந்தா இத எப்டிக்கா வெளிய எடுப்பீங்க?"

"அறுத்துத்தான் எடுக்கணும்" என்றாள் அம்சா. "அடுத்த தடவ பையோட வராத சந்தோஷு. கேக்கறதுன்னா மெஷினோட வந்து கேளு."